பொட்டாஷ் போட்ட இளநீர்

பழனியாத்தாள் ஒன்றரை வருஷமாகப் பல் கட்டிக்கொண்டிருப்பதாகத்தான் ஊர் நம்பிக்கொண்டிருந்தது. வாரத்தில் மூன்று நாள் கிணத்துக்கடவில் முதல் பஸ் ஏறிக் கோயமுத்தூர் போவாள். மத்தியானத்துக்கு மேல் பிழிந்துபோட்ட துணி மாதிரித் திரும்பி வருவாள். யாராவது கேட்டால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "பல்லுங்க" என்பாள்.

"அதென்னங்க்கா இத்தனை நாளாப் பல்லுக் கட்டறான்? இந்நேரம் யானைக்குத் தந்தமே கட்டி முடிச்சிருக்கலாமே?" என்று பால் சொசைட்டியில் பக்கத்துத் தோட்டத்துக்காரி கேட்டாள்.

"ரெண்டு பல்லு எச்சாவே கட்டச் சொல்லியிருக்கறேன் அம்மிணி. உன்னையாட்டம் நாயம் கேக்கறவங்களைக் கடிக்கறதுக்கு."

பல்லுக்கு ஒன்றுமில்லை. கரும்பைக் கடித்துத் துப்புகிற பல். போனது சிறுநீரகம், இரண்டுமே. சர்க்கரையும் பிரஷரும் கூட்டுச் சேர்ந்து வருஷக்கணக்காகச் சத்தமில்லாமல் அரித்திருக்கின்றன; ஒருநாள் கால் இரண்டும் பலாப்பழமாக வீங்கியபோதுதான் சங்கதி வெளியே வந்தது. அன்றிலிருந்து டயாலிசிஸ். இடது கையில் இரண்டு ரத்தக்குழாய்களை ஒன்றோடொன்று ஒட்டுப்போட்டதில் ஒரு புடைப்பு. அதில் இரண்டு ஊசி குத்தினால், நாலு மணி நேரம் ரத்தம் மிஷினுக்குள் போய்க் குளித்துவிட்டுத் திரும்பி வரும். புடைப்பை மறைக்க, பேத்தி எடுக்கிற வயதில் முழுக்கை ரவிக்கை தைத்துப் போட்டுக்கொண்டாள். பல் டாக்டரைப் பார்க்கப் போக இத்தனை அலங்காரமா என்று அதற்கும் ஊர் பேசியது.

அவள் சொல்லாததற்குக் காரணம் நோயின் மேலிருந்த பயமல்ல, ஊரின் மேலிருந்த பயம். மேற்காலத் தோட்டத்துக்காரருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தபோது நடந்த கூத்தை அவள் பார்த்திருக்கிறாள். மனுஷன் முழுசாக உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருக்கும்போதே, காரிலும் வேனிலும் வந்து இறங்கிய சொந்தபந்தம் என்கிற ஒரம்பரை, "எப்படி இருந்த மனுசன்!" என்று எழவு வீட்டுக் குரலில் ஆரம்பித்துவிட்டது. ஒருத்தர் கழுதைப்பால் கொண்டுவந்தார். இன்னொருத்தர் வாட்ஸப்பில் வந்த கஷாயத்தை அங்கேயே அடுப்புக் கூட்டிக் காய்ச்சினார். கடைசியில் அவர் நோயைச் சமாளித்துவிட்டார். ஒரம்பரையைச் சமாளிக்க முடியாமல்தான் மகள் ஊருக்குப் போய்விட்டார்.

ஆனால் மறைத்ததில் வேறொரு வில்லங்கம் வந்தது. அந்தப் பக்கத்தில் ஒரு வீட்டுப் படியேறினால் முதலில் சொம்புத் தண்ணீர் வரும். தண்ணீர் குடிப்பதற்குள் யாராவது மரத்தடிக்குப் போய் இளநீர் வெட்டிவிடுவார்கள். வேண்டாம் என்று சொல்ல வழியே இல்லை. வேண்டாம் என்றால் பகை என்று அர்த்தம். பழனியாத்தாளுக்கோ குழம்பு, ரசம், மாத்திரைக்குக் குடிக்கிற தண்ணீர் எல்லாம் சேர்த்தே ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்தான் கணக்கு. இளநீர் அந்தக் கணக்கிலேயே இல்லை, கூடவே கூடாது. இருந்தும் போன மாசம் நெகமத்துப் பக்கம் ஒரு காதுகுத்துக்குப் போனவள், மூன்று வீட்டில் மரியாதைக்காக மூன்று இளநீர் குடித்தாள். மறுநாள் ஆஸ்பத்திரி வாசலில் கால் இரண்டும் சொன்னபடி கேட்கவில்லை. நெஞ்சில் ஒயர் ஒட்டிப் பார்த்த நர்சுப் பிள்ளைகள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து, வேறு யாருக்கோ ஆபத்து என்றுதான் அவள் நினைத்தாள்.

"பொட்டாசியம் ஏறிப் போச்சும்மா. அடுத்த தடவை இங்கே வந்து சேர நேரம் இருக்காது" என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். புனேயில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மகன் சபரீஷ் அன்று ராத்திரியே விமானம் ஏறி வந்து, அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் அளவு ஜாடியோடு உட்கார்ந்தான். அவள் வாய் கொப்பளித்தால்கூட எட்டிப் பார்த்தான்.

"துப்பறதையும் அளக்கறயா சாமி?"

"முழுங்கறீங்களான்னு பாக்கறேம்மா."

அடுத்த நாள், என்ன சாப்பிடலாம் எதைச் சாப்பிடக்கூடாது என்று சொல்லித்தருகிற மேக்னா என்ற பெண் வந்தாள். கையில் படம் போட்ட அட்டை. வாழைப்பழம், சாத்துக்குடி, இளநீர் எல்லாவற்றின் மேலும் சிவப்புக் கோடு.

"ஏனுங் கண்ணு, இளநி உடம்புக்குக் குளிர்ச்சிதானே? அதையுமா அடிச்சுப்போட்டே?"

"குளிர்ச்சிதாங்கம்மா. ஆனா அதுல பொட்டாசியம் நெறைய இருக்குங்க."

"அந்தக் கெரகம் எங்கிருந்து அதுக்குள்ள போச்சு?"

மேக்னா அட்டையைத் தாழ்த்தினாள். "நீங்க தென்னைக்கு உரம் போடுவீங்களாம்மா?"

"போடாம? யூரியா, சூப்பர், பொட்டாஷ். பொட்டாஷ் போட்டாத்தான் காய் தெரட்சியா வரும், தண்ணி இனிக்கும்."

"அந்தப் பொட்டாஷேதாங்கம்மா."

பழனியாத்தாள் எழுந்து உட்கார்ந்தாள். "எம்பட கையால நான் போட்டதா?"

"மண்ணுல இருந்து மரம் எடுத்து எளநீர்ல வெச்சிருது. நம்ம குடிச்சா, தேவைக்கு மேல இருக்கறதைக் கிட்னி வெளிய தள்ளிரும். உங்களுக்குத் தள்ள ஆளில்லைங்க. அங்கயே தேங்கி, கடைசில இதயத்தை நிறுத்திரும்."

பழனியாத்தாளுக்கு அட்டை தராத வெளிச்சம் அதில் வந்தது. வாய்க்காலில் மடை அடைத்துக்கிடக்க மேலே மோட்டாரை ஓடவிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "அப்ப நான் இத்தனை வருசமா மூட்டை மூட்டையா வாங்கிப் போட்டது எனக்கு நானே வெச்சுக்கிட்ட சூனியமா?" என்றாள். மேக்னா சிரிப்பதா கூடாதா என்று தெரியாமல் அட்டையால் வாயை மூடிக்கொண்டாள்.

புரிந்துவிட்டது சரி. வீட்டுக்கு வீடு எப்படி மறுப்பது? பக்கத்து மிஷினில் படுத்திருந்த அப்துல் நாசரிடம் கேட்டாள். உக்கடத்தில் செருப்புக் கடை வைத்திருப்பவர், அவளுக்கு முன்பே இந்தக் கட்டிலுக்கு வந்து சேர்ந்தவர்.

"நான் கடைக்கு யார் வந்தாலும் மொதல்லயே சொல்லிருவேன்க்கா. கிட்னி ரெண்டும் குளோசு, எனக்கு டீ சொல்லாதீங்கன்னு."

"சொன்னா அழுவாங்களே பாய்?"

"அழட்டும்க்கா. அவங்க கண்ணுல வர்ற தண்ணி நம்ம கணக்குல ஏறாது."

சொல்வது பாய்க்குச் சுலபம். அந்த வாரமே பழனியாத்தாளுக்கு அண்ணன் பாலுசாமியிடமிருந்து ஆள் வந்தது. ஒன்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன். அவளுடைய புதுவீட்டுப் புண்ணியார்ச்சனையில், தாய்மாமனை முதல் பந்தியில் உட்காரச் சொல்ல யாரோ மறந்துவிட்டார்கள். இரண்டாம் பந்திக்குக் கூப்பிட்டபோது, "இனி உன்ற ஊட்டுல பச்சத்தண்ணி குடிக்கறவன் மனுசனில்ல" என்று வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு போனவர். இப்போது அவர் மகள் லோகப்பிரியாவுக்குக் கல்யாணம். அத்தைக்காரி இங்கே வந்து தண்ணீர் குடித்தால்தான் பத்திரிகையே அடிப்பது என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

"பல்லுக் கூசுதுன்னு சொல்லிரலாம்மா" என்றான் சபரீஷ், கார் ஓட்டிக்கொண்டே. வழியெல்லாம் அவன் நெற்றியில் வேர்த்துக்கொண்டே இருந்தது.

"நல்ல யோசனை போ. ஊரே ஒப்புக்கிட்ட பல்லு."

பாலுசாமி வாசலிலேயே நின்றிருந்தார். தங்கையைப் பார்த்ததும் வாய் கோணியது. அதை மறைக்க நாயை அதட்டினார். "வா அம்மிணி. வாங்க மாப்ள." காலையிலேயே ஆள் ஏற்றி இறக்கிய செவ்விளநீர்க் குலை அங்கே தயாராக இருந்தது. யாரையும் தொடவிடாமல் தானே ஒன்றைத் தேர்ந்து சீவி, மூக்கைத் திறந்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

"மொதல்ல இதைக் குடி. மத்த நாயமெல்லாம் அப்பறம்."

பழனியாத்தாள் வாங்கிக்கொண்டாள். கை சில்லென்றது. டயாலிசிஸ்காரர்களின் தாகம் மற்றவர்களின் தாகம் மாதிரி அல்ல. தொண்டைக்குள் யாரோ வைக்கோல் திணித்த மாதிரி எந்நேரமும் இருக்கும். இளநீரின் வாசம் மூக்கில் ஏறியபோது நாக்கு தானாக மேல் அண்ணத்தைத் தேய்த்தது.

"பல்லுக் கூசுதுங்ணா" என்றாள்.

"அப்படியா? வெயில்ல கொஞ்ச நேரம் வெச்சுத் தரட்டா?"

"இல்லீங்ணா, வேண்டாமுங்க."

பாலுசாமியின் முகம் செத்துவிட்டது. அரிவாளைக் கீழே வைத்தார். "குடிக்க மாட்டேன்னா நேராச் சொல்லிப்போடு. நான் அன்னைக்குச் சொன்ன சொல்லை நீ இன்னைக்குத் திருப்பிக் குடுக்கறே. குடுக்க வேண்டியதுதான். அதுக்குப் பல்லு மேல எதுக்குப் பழி போடறே?"

"நானுந்தான் கேக்கறேன், ஒன்றரை வருசமா எந்தப் பல்லு அது?" என்றாள் அவர் மனைவி சுப்பாத்தாள், கதவோரத்தில் நின்று. "எங்கூட்டுப் பக்கமும் சேதி வந்துட்டுத்தான் இருக்குது."

"நங்கையா, நீங்க வேற."

"கல்யாணமே வேண்டாமுங்க" என்று லோகப்பிரியா உள்ளேயிருந்து அழ ஆரம்பித்தாள்.

இரண்டு மடக்கு குடித்தால் என்ன ஆகிவிடும் என்று பழனியாத்தாள் நினைத்தாள். நெகமத்தில் மூன்று குடித்தும் சாகவில்லையே. இரண்டு மடக்கில் அண்ணன் கிடைப்பான். இளநீரை வாய்ப்பக்கம் கொண்டுபோனாள். சபரீஷின் முகம் அவன் மாமன் கட்டியிருந்த வேட்டி நிறத்துக்கு வந்தது. அவன் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டால் அம்மாவின் ரகசியம் உடைந்துவிடும் என்று அப்போதுகூட அடக்கிக்கொண்டு நின்றான். அந்த அடக்கம்தான் அவளைப் பிடித்து நிறுத்தியது. இந்தப் பொய்க்குக் காவல் நின்றே பையன் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடுவான் போலிருக்கிறதே என்று தோன்றியது.

இளநீரைக் கீழே வைத்தாள். முழுக்கை ரவிக்கையின் மணிக்கட்டுக் கொக்கியைக் கழற்றிக் கையை மேலே சுருட்டினாள். மணிக்கட்டுக்கு மேலே, தோலுக்குள் பாம்புக்குட்டி சுருண்டு படுத்த மாதிரிப் புடைப்பு. அதன் மேல் ஊசித் தழும்புகள்.

"கையைக் குடுங்ணா."

"என்ன கருமம் இது?"

"தொட்டுப் பாருங்கங்றேன்."

பாலுசாமி விரலை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார். மறுபடியும் வைத்தார். "அட கெரகமே, போர் மோட்டாராட்டம் அதுருது!"

"அது ஓடற வரைக்குந்தான் நான். கிட்னி ரெண்டும் போயிருச்சுங்ணா. வாரத்துல மூணு நாளு இதுல ஊசி குத்தித்தான் ரத்தத்தைக் கழுவறாங்க. பல்லுமில்ல, ஒரு மண்ணுமில்ல."

லோகப்பிரியா அழுவதை நிறுத்திவிட்டு வெளியே வந்தாள்.

"நீங்க மரத்துக்கு வருசம் ரெண்டு தடவை பொட்டாஷ் போடறீங்கல்ல? அது எங்க போகுதுன்னு நெனச்சீங்க? இதுக்குள்ளதான்" என்று இளநீரை மோவாயால் காட்டினாள். "உங்களுக்கு அது ஒண்ணுக்குல போயிரும். எனக்குப் போற மடை அடைச்சிருச்சு. இதைக் குடிச்சனா, நேரா இருதயத்துல போய் உக்காந்து மோட்டாரை நிறுத்திப்போடும். நெகமத்துல குடிச்சுப்போட்டுப் பாதி தூரம் போயிட்டு வந்தவ நான். உங்க ஊட்டுல பச்சத்தண்ணி குடிக்க மாட்டேங்கல. இளநி குடிச்சுச் சாக மாட்டேங்கறேன்."

பாலுசாமி இளநீரைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். பிறகு வீடே அதிரக் கத்தினார்: "ஒன்றரை வருசமா இத்தனை நடந்திருக்குது, எனக்கொரு வார்த்தை சொல்லோணுமுன்னு தோணலையாடி உனக்கு?"

"பேச்சே இல்லாத அண்ணனுக்கு எப்படிச் சொல்றதுங்க? பத்திரிகை அடிச்சுக் குடுக்கறதா?"

"அடிச்சிருக்கோணும்! மொதப் பத்திரிகை எனக்கு வந்திருக்கோணும்!" என்றவர், துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. சுப்பாத்தாள் அவரைப் பார்த்து அழ, அவளைப் பார்த்து லோகப்பிரியா அழ, எது வரக்கூடாது என்று பழனியாத்தாள் ஒளித்துவைத்தாளோ அது முழுசாக வந்து சேர்ந்தது. ஆனால் எதிர்பார்த்த மாதிரி அவளுக்கு மூச்சு முட்டவில்லை. கொஞ்சம் சுகமாகக்கூட இருந்தது.

"பச்சத்தண்ணியாச்சும் குடிக்கலாமா?" என்று துண்டுக்குள்ளிருந்து கேட்டார் பாலுசாமி.

"ஒரு மடக்குக் குடிக்கலாம்."

அவர் சொம்பு நிறையக் கொண்டுவந்தார். சபரீஷ் பதறி எழுந்தான். "மாமா, இதுவே இன்னைக்குக் கோட்டாவுல முக்கால்வாசிங்க!" வீட்டிலிருந்த டம்ளர் எல்லாமே பெரிசு. தேடிக் கடைசியில் சுப்பாத்தாள் இருமல் மருந்துப் பாட்டிலின் மூடியைக் கழுவி எடுத்து வந்தாள். அண்ணன் அதில் ஊற்ற, தங்கை அண்ணாந்து குடித்தாள். ஒன்பது வருஷப் பகை பத்து மில்லியில் முடிந்தது.

"முகூர்த்தத்தன்னைக்கு மிஷினு இருக்குதா உனக்கு?"

"முந்தின நாளே போட்டுக்கறேனுங்ணா. பந்தியில மட்டும் எனக்கு ரசம் ஊத்த வர்றவனைத் தொரத்தி உடுங்க."

"எவன் ஊத்தறான்னு பாக்கறேன்" என்றார் பாலுசாமி, அரிவாளை எடுத்தபடி.

கிளம்பும்போது கார் டிக்கி மூடவில்லை என்று சபரீஷ் பின்னால் போய்ப் பார்த்தான். உள்ளே மிச்சமிருந்த செவ்விளநீர்க் குலை மொத்தமும் ஏறியிருந்தது. அதன் மேல் ஒரு வாழைத்தார். மேக்னாவின் அட்டையில் சிவப்புக் கோடு போட்டதெல்லாம் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி வைத்த மாதிரி இருந்தது. பாலுசாமி மாமா ஒரு பலாப்பழத்தை இடுக்கில் அழுத்திக்கொண்டிருந்தார்.

"மாமா, இப்பத்தானே அம்மா அத்தனையும் சொன்னாங்க?"

"சொன்னா மாப்ள. அதுக்காக எம்பட ஊட்டுல இருந்து கூடப் பொறந்தவ வெறும் வண்டில போவாளா?"

அவன் தலையில் கைவைத்துக்கொண்டு முன்சீட்டைப் பார்த்தான். பழனியாத்தாள் சுருட்டிய ரவிக்கைக் கையை இறக்கிவிடவில்லை. ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு, போகிற வருகிற எல்லாருக்கும் தெரிகிற மாதிரி கையை வெளியே தொங்கப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏத்தட்டும் உடு கண்ணு" என்றாள். "நாளைக்குக் காலைல ஆஸ்பத்திரி நர்சுப் புள்ளைகளுக்குக் குடுத்தர்லாம். அவளுகளுக்குத்தான் கிட்னி ரெண்டும் ஓடுதே."