கூரையில் ஒரு கட்டைவிரல்

அந்தக் கட்டைவிரல் ரேகைக்குப் பல் டாக்டர் போட்ட விலை, கழிவு ஆயிரத்து ஐந்நூறு. வண்டிக்கு நாலாயிரம் தரலாம், ஆனால் கூரையில் யாரோ விரலை வைத்து அழுத்தியிருப்பதால் ஆயிரத்து ஐந்நூறைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் கணக்கு. டிரைவர் பக்கத்துப் பின்பார்வைக் கண்ணாடி ஒட்டப்படாமல் தனியாகக் கிடந்ததற்கு இன்னொரு இருநூறு.

வண்டி என்றதும் சாவியைத் தேடவேண்டாம். ஒரு சாணுக்கும் குறைவான வண்டி அது. நிஜக் காரில் இருபத்துநாலில் ஒரு பங்கு. பெட்டியில் வந்த தொண்ணூற்று மூன்று பிளாஸ்டிக் துண்டுகளைச் சட்டத்திலிருந்து கத்தரித்து, விளிம்பைத் தேய்த்து, ஒட்டி, பெயிண்ட் அடித்துச் செய்தது. செய்தவர் பழைய கார் புரோக்கர். காலையிலும் மாலையிலும் முற்றத்தில் நின்று பெரிய கார்களை விற்பார். மதியம் வெயிலில் ஒரு கிராக்கியும் வராது என்பதால், இரண்டு மணிக்கு மாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சின்னக் கார்களைக் கட்டுவார்.

இரண்டு தொழிலிலும் அவர் இரண்டு ஆள். முற்றத்தில் அடிபட்ட கதவைப் புதுப் பெயிண்ட்டுக்கு அடியில் ஒளித்து வைப்பார், மீட்டரைத் திருப்புவார், வண்டிக் கூரைமேல் கட்டைவிரலை ஊன்றிக்கொண்டு, “ஒரே ஓனர், அவரும் வயசானவர், மெதுவாத்தான் ஓட்டுவார்” என்பார். மாடியில் அதே மனிதர் சீட்டின் ஓரத் தேய்மானத்தையும் மிதியடி மண்ணையும் மறைக்காமல் வரைவார். ஒற்றை முடிப் பிரஷ்ஷால் மீட்டரில் எழுதும் கிலோமீட்டர் ஓடியது ஓடியபடி இருக்கும்.

“ஏங்க, மேல பண்றதைக் கீழ பண்ணுனா போலீஸ் பயமில்லாம தூங்கலாமே” என்பாள் அவர் மனைவி.

“கீழ பண்றதை வச்சுத்தான் மேல பெயிண்ட் வாங்குறேன்” என்பார் அவர்.

சண்டை வந்தது இந்தக் கருஞ்சிவப்பு வண்டியால்தான். அதன் பெரிய வடிவம் ஒரு காலத்தில் அந்த முற்றத்திலேயே நின்றது. அவள் கார் ஓட்டப் பழகியது அதில்தான். பின்பக்கத்துச் சுவரில் ஒருமுறை இடித்ததும் அதில்தான். “இதை மட்டும் வித்துடாதீங்க” என்று சொல்லிவிட்டு அம்மா வீட்டுக்குப் போனவள் நான்கு நாள் கழித்துத் திரும்பியபோது, வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. நல்ல விலை வந்தது, தள்ளிவிட்டார். அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் அவரைக் குடைந்தது. கேட்டிருந்தால் பதில் வைத்திருந்தார்.

அதற்குப் பரிகாரமாக அதே வண்டியைச் சின்னதாகக் கட்ட ஆரம்பித்தார். பின்பம்பரில் அவள் இடித்த பள்ளத்தைக்கூட ஊசியைச் சூடாக்கி வைத்தார். நான்கு கோட் எனாமல். கடைசிக் கோட் அடித்து, தூசு விழாமல் டப்பாவால் மூடி, ஐந்து நாள் தொடக்கூடாது என்று வைத்தார். எனாமல் ஏமாற்றுக்காரப் பெயிண்ட். மேலே காய்ந்த மாதிரி பளபளக்கும், உள்ளே ஈரமாகவே இருக்கும். அதனால் தொட்டுப் பார்க்கக்கூடாது, மோந்துதான் பார்க்க வேண்டும். வாசம் அடிக்கும்வரை அது காயவில்லை.

நான்காம் நாள் மாலை டப்பாவைத் தூக்கினால், கூரை நடுவில் ஒரு கட்டைவிரல். சுழிசுழியாக, சர்க்கார் பத்திரத்தில் வைத்த மாதிரி.

“வீட்ல இருக்கிறது ரெண்டே பேரு” என்றார் அவர். “நான் தொடல. அப்ப யாரு?”

“நான் தொடலீங்க.”

“ரெண்டுல ஒண்ணு போனா மிச்சம் ஒண்ணு.”

“அப்ப கணக்கை இன்னொரு தடவை போடுங்க” என்றாள் அவள். “எங்கயோ தப்பு இருக்கு.”

ஆயுள் முழுக்கப் பொய் சொல்லி வியாபாரம் செய்தவருக்கு எதிராளி சொல்வது உண்மையாக இருக்கும் என்ற யோசனையே வராது. விற்ற காருக்குப் பழிவாங்கிவிட்டாள் என்று முடிவு கட்டினார். தேய்த்துப் புதுக் கோட் அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. சாட்சியை அழிக்கக்கூடாது என்று கீழே கூடத்துக் கண்ணாடி அலமாரியில், விளக்குக்குக் கீழே வைத்தார். கடைசியாக ஒட்ட வேண்டிய டிரைவர் பக்கக் கண்ணாடியையும் ஒட்டாமல் பக்கத்தில் போட்டுவைத்தார். வருகிறவர்களிடம், “இது நம்ம வீட்டம்மா போட்ட கையெழுத்து” என்று காட்டினார். அவர்கள் சிரிப்பார்கள். அவர்கள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து, “அது என் விரல் இல்ல” என்று மட்டும் அவள் சொல்வாள்.

அன்றிலிருந்து அந்த மாடி அறைக்குள் அவள் காலை வைக்கவில்லை. நாலு மணிக்கு டீ மட்டும் வரும். கதவில் இரண்டு தட்டு. பிறகு தரையில் கப் வைக்கும் சத்தம். பிறகு படி இறங்கும் சத்தம். கையிலிருக்கும் வேலை முடிந்து அவர் கதவைத் திறக்கும்போது டீயில் ஆடை படிந்திருக்கும். இருநூற்று நான்கு நாள் இப்படி நடந்தது.

பிறகு அவளுக்கு மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் ஆறு நாள். கடைசிக்கு முந்தின நாள், ஆக்சிஜன் முகமூடியோடு, வலது கட்டைவிரலை அவர் முகத்துக்கு நேராக நிமிர்த்திக் காட்டினாள். நர்ஸ் பார்த்துவிட்டு, “பரவாயில்லையே, நல்லா இருக்கேன்னு சொல்றாங்க” என்று சந்தோஷப்பட்டாள். அவருக்குத் தெரியும், அவள் சொன்னது அதில்லை. இந்த ரேகையைப் பாருங்கள் என்றாள். அவர் அந்த விரலை மடக்கி, கையைப் போர்வைக்குள் வைத்து, “அதெல்லாம் இப்ப எதுக்கு” என்றார்.

அவள் போய் இருபதாவது நாள், நாலு மணிக்கு, கதவில் இரண்டு தட்டு கேட்டது.

ஓடிப்போய்த் திறந்தார். ஆளும் இல்லை, கப்பும் இல்லை. மறுநாளும் அதே. அடுத்த நாளும். புறாவாக இருக்கும் என்று ஜன்னலுக்கு வலை போட்டார். மரக்கதவு வெயிலில் விரிகிறது என்று தச்சரைக் கூப்பிட்டு இழைக்க வைத்தார். பிளம்பர் வந்து சுவரில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, “பைப்பு தட்டுங்க, இல்லேங்கல. ஆனா மணி பார்த்துத் தட்டாது” என்று சொல்லிக் கூலியை வாங்கிக்கொண்டு போனார்.

நாற்பத்தேழு நாள் பொறுத்தார். அவள் தொட்டாளா, தொடவில்லையா? தொட்டிருந்தால் எதற்கு வந்து தட்டுகிறாள்? தொடவில்லை என்றால் தட்டுவதற்கு அவளுக்கு உரிமை இருக்கிறது. வண்டி வீட்டை விட்டுப் போனால் தட்டும் போகும் என்று, நாற்பத்தெட்டாம் நாள் மதியம் பல் டாக்டரைக் கூப்பிட்டார்.

பல் டாக்டருக்கும் இதே கிறுக்கு. பல் குடையும் ஊசியால் கார் கதவின் இடுக்கைச் செதுக்குகிறவர். நெற்றியில் மாட்டும் பூதக்கண்ணாடியோடு மாடி அறைக்கு வந்து, வண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“வேலை பிரமாதம்ணே. ஆனா கூரை போச்சு. தேய்ச்சுட்டு அடிச்சா போதாது. தோலோட எண்ணெய் உள்ள இறங்கியிருக்கும், எத்தனை கோட் அடிச்சாலும் நிழலா மேல வரும். மொத்தத்தையும் கழட்டணும். சொத்தையை விட்டுட்டு மேல பூசுற கதைதான்.”

“ஜனங்க பல்லைப் பிடுங்கிட்டு அவங்ககிட்டயே காசு வாங்குற ஆளு நீங்க. இங்கயும் அதே வேலையா?”

“கழட்டுற கூலிண்ணே அது. கழிவெல்லாம் போக ரெண்டாயிரத்து முந்நூறு. யாரு வச்ச விரல் இது?”

“வீட்டுக்காரி” என்றார். பழகிப்போன வாய்.

டாக்டர் வண்டியை மெதுவாக மேசைமேல் வைத்துவிட்டு, “சரி, ரெண்டாயிரத்து ஐந்நூறு” என்றார். இரக்கத்துக்கு அவர் கொடுத்தது இருநூறு.

“மூவாயிரத்து ஐந்நூறு டாக்டர். அதுக்குக் கீழ பேச்சே இல்ல.”

சொன்னபோது அவர் கை தானாகப் போனது. முப்பது வருடமாக விலையை நிறுத்தும்போதெல்லாம் போகும் இடத்துக்கு, வண்டியின் கூரைக்கு. கட்டைவிரல் அங்கே ஊன்றியது. எனாமல் எப்போதோ கல்லாகிவிட்டது. ஆனால் விரலுக்கு அங்கே இடம் இருந்தது. வழுக்கவில்லை, இடறவில்லை. விட்டுப்போன செருப்பில் கால் நுழைவதுபோல் உட்கார்ந்தது.

“அண்ணே, கையை அசைக்காதீங்க” என்றார் டாக்டர்.

பூதக்கண்ணாடியை இறக்கி விரலைப் பார்த்தார். விரலை எடுக்கச் சொல்லிக் கூரையைப் பார்த்தார். மறுபடி விரலைப் பார்த்தார்.

“உங்க விரல்ல குறுக்கால ஒரு பழைய பிளேடு வெட்டு இருக்கு. இங்கயும் அதே இடத்துல, அதே சாய்வுல. இது உங்க விரல்ண்ணே.”

அப்போதுதான் அந்த நான்காம் நாள் மதியம் அவருக்கு நினைவு வந்தது. போனில் ஒரு வேன் கிராக்கி. மணிக்கணக்கில் இழுத்தான். பேசிக்கொண்டே, பெயிண்ட் வாசம் போய்விட்டதா என்று டப்பாவைத் தூக்கியிருந்தார். “அதுக்குக் கீழ பேச்சே இல்ல” என்று அவனிடமும் சொன்னார். வேன் விற்ற சந்தோஷத்தில் டப்பாவை மூடிவிட்டுக் கீழே இறங்கினார்.

பல் டாக்டர் சிரித்தார். “அப்ப இது குறையே இல்லண்ணே. செஞ்சவர் போட்ட முத்திரை. கழிவை எடுத்துடுறேன். நாலாயிரம்.”

புரோக்கர் பேசவில்லை.

“நாலாயிரத்து ஐந்நூறு. மௌனமா இருந்து விலையை ஏத்துறது உங்க பழைய வித்தைன்னு எனக்கும் தெரியும்ணே.”

“விக்கிறதுக்கில்ல டாக்டர்.”

“ஐயாயிரம். இதுக்கு மேல நான் ரெண்டு வேர் சிகிச்சை பண்ணணும்.”

“கீழ இறங்குங்க. மணி நாலாகப் போகுது.”

டாக்டர் போனதும் கதவை முழுதாகத் திறந்து, அது சாத்திக்கொள்ளாமல் பெயிண்ட் டின்னை முட்டுக் கொடுத்தார். நாற்காலியை வாசலைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தார். சொல்ல வேண்டியது நாக்கு நுனியில் இருந்தது. என் விரல்தான், தப்பு என்னுது. அவ்வளவுதான். ஒரு காரை விற்கச் செலவழிக்கும் வார்த்தைகளில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

நாலு அடித்தது. நாலேகால் ஆனது. படிக்கட்டில் வெயில் மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளும் திறந்து வைத்தார். ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் வாசலிலேயே நின்றார். வீடு காலி டப்பா மாதிரி இருந்தது. அவள் செத்தது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

மூன்றாம் நாள் மாலை முற்றத்தில் ஒரு வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது விஷயம் பிடிபட்டது. இத்தனை வருடத்தில், வரவேண்டியதை முழுதாக வாங்கிக்கொண்டு போன எந்த ஆளும் மறுபடி அவரைத் தேடி வந்ததில்லை. வருகிறவன் பாக்கி வாங்க வேண்டியவன்தான். வெயிலென்று பார்க்கமாட்டான், பசியென்று பார்க்கமாட்டான். வந்து கதவைத் தட்டுவான். இவள் வந்ததும் அப்படித்தான். கதவைத் திறந்துவைத்து, வார்த்தையைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் அவள் எதற்குப் படியேற வேண்டும்?

நான்காம் நாள் இரண்டு மணிக்குப் பெயிண்ட் டின்னை எடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாளும் போட்டார். கருஞ்சிவப்பு வண்டியை மேசைமேல் வைத்தார். டிரைவர் பக்கக் கண்ணாடி, அரிசியளவு இருக்கும், பக்கத்தில் கிடந்தது. ஒரு துளி பசையும் ஒரு நிமிஷமும் போதும். இடுக்கியால் எடுத்து, பொருந்தும் இடத்தைப் பார்த்து, திரும்பக் கீழே வைத்தார். வாயைத் திறந்தால் அந்த வார்த்தை தவறி விழுந்துவிடுமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நாலு மணிக்கு இரண்டு தட்டு.

அவர் எழவில்லை. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். வெளியே, இதுவரை அவள் போன பிறகு ஒருநாளும் கேட்காத சத்தம் கேட்டது. தரையில் ஒரு கப்பை வைக்கும் சத்தம். சற்று நேரம் கழித்து யாரோ படியிறங்கினார்கள், அவசரமில்லாமல், நாளைக்கும் வரவேண்டியவர்கள் இறங்குவதுபோல.

டீ ஆறட்டும் என்று விட்டுவிட்டார். வண்டி வந்த பெட்டியிலிருந்து விளக்கத் தாளை எடுத்து, ஒவ்வொரு துண்டுக்கும் எதிரே தான் போட்ட டிக்குகளை எண்ணினார். பிறகு தாளைத் திருப்பிப் பென்சிலால் எழுதினார்:

துண்டுகள் தொண்ணூற்று மூன்று. பொருத்தியது தொண்ணூற்று இரண்டு. மீதி ஒன்று.

உயிரோடு வந்து தட்டியது இருநூற்று நான்கு நாள். பிறகு வந்தது நாற்பத்தெட்டு. மொத்தம் இருநூற்று ஐம்பத்திரண்டு. அவள் நிற்கும்போது திறந்தது, ஒருநாளும் இல்லை.

சொல்ல வேண்டியது ஒன்று. சொன்னது இல்லை. பாக்கி ஒன்று.