முன்பே எழுதிய முடிவுரை

எந்தச் செயல்திட்டத்துக்கும் சுந்தரவல்லி டீச்சர் முடிவுரையைத்தான் முதலில் எழுதுவாள். பழங்காநத்தத்துப் பள்ளியில் பதினாறு வருடமாக அதுதான் வழக்கம்; மற்ற டீச்சர்களும் அப்படித்தான். முடிவுரை கையில் இருந்தால், பிள்ளைகள் கொண்டுவரும் கணக்கை அதற்குத் தக்கபடி சரிக்கட்டிக்கொள்ளலாம். மாவட்டக் கண்காட்சியில் பரிசும் வரும்.

இரண்டாயிரத்து மூன்றில் எட்டாம் வகுப்புக்குத் தலைப்பு மஞ்சள் காமாலை. ஈ மொய்த்த தின்பண்டமே காரணம் என்று முடிவுரை ஜூன் மாதமே தயார். தமிழ்ச்செல்வி தன் தெருவில் வீடுவீடாக ஏறி இறங்கிக் கேட்டு வந்தாள். நோய் கண்ட வீடுகள் ஒன்பது. அவற்றில் ஏழு வீட்டில் குடிப்பது தெருமுக்கு அடிபம்புத் தண்ணீர்.

ஏழு என்பதை அடித்துவிட்டு இரண்டு என்று போடச் சொன்னாள் டீச்சர். பெண் நகரவில்லை.

“அப்ப மிச்சம் அஞ்சு வீட்டுக்காரங்க எங்க டீச்சர் தண்ணி குடிச்சாங்க?”

நடுவர் அதையெல்லாம் கேட்க மாட்டார் என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

அடுத்த மாதம் தமிழ்ச்செல்வியின் அம்மா ஒச்சாயிக்குக் கண் மஞ்சளித்தது. ஆறு மாதக் கர்ப்பம். பெரியாஸ்பத்திரியில் சேர்த்த நாலாம் நாள் போய்விட்டாள். அவர்கள் வீட்டிலும் அதே பம்புத் தண்ணீர்தான்.

ஏழு என்ற அந்த எண்ணை அப்படியே விட்டிருந்தால், பம்பைப் பூட்டச் சொல்லி ஒரு மனு எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால் ஒச்சாயி பிழைத்திருப்பாளா? யாருக்கும் தெரியாது. அந்தத் தெரியாததுதான் சுந்தரவல்லியை விடாமல் பிடித்துக்கொண்டது. குடத்தைக் கழுவும்போது, சோறு வடிக்கும்போது, மிச்சம் அஞ்சு வீட்டைப் பற்றிய அந்தக் கேள்வி பிள்ளைக் குரலிலேயே காதில் விழுந்தது. தம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே நிற்பதைப் பார்த்துக் கணவர் ஜனகராஜ் இரண்டு முறை என்னவென்று கேட்டார். தொண்டை வலி என்றாள்.

கண்காட்சிக்கு வேறு பிள்ளையை நிறுத்துவதாகச் சொன்னபோது தமிழ்ச்செல்வி மறுத்துவிட்டாள். தானே நிற்பதாகச் சொல்லி, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய சடையோடு வந்து நின்றாள். பம்படியில் இன்றைக்கும் குடங்கள் வரிசையில் நின்றதை வரும் வழியில் டீச்சர் பார்த்திருந்தாள். நடுவர் வந்ததும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். பரிசும் பேரும் போனால் போகட்டும்.

கல்லூரிப் பேராசிரியர் கிரிதரன் நடுவராக வந்தார். பம்புத் தண்ணீர் குடிப்பது இரண்டு வீடு என்றே பெண் தடுமாறாமல் ஒப்பித்தாள். அவர் தலையாட்டிக்கொண்டே மதிப்பெண் போடப் பேனாவைத் திறந்தார்.

“சார், அந்த ரெண்டு தப்பு. ஏழு வீடு. நான்தான் மாத்தச் சொன்னேன்.”

அவர் நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தார். பிறகு பெண்ணைப் பார்த்து, எது சரி என்று கேட்டார்.

“ரெண்டுதான் சார். நானே வீடுவீடாப் போயி கேட்டேன்.”

டீச்சருக்குப் பதற்றம் போலிருக்கிறது என்று சிரித்தபடி அவர் முழு மதிப்பெண் போட்டுவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தார்.

“இப்படித்தானே டீச்சர் சொல்லணும்?” என்று தமிழ்ச்செல்வி மெதுவாகக் கேட்டாள்.

சுந்தரவல்லி அந்த முகத்தில் கோபத்தைத் தேடினாள். கொஞ்சமாவது இருந்தால் தாங்கியிருப்பாள். சரியான விடை சொல்லிவிட்ட பிள்ளையின் முகமாக மட்டுமே அது இருந்தது.