ஐம்பது அட்டைகள், பதின்மூன்று குவியல்கள்

பிப்ரவரி முதல் ஞாயிறு. சர்ச்சுக்குப் போட்ட உடையை மாற்றாமல்கூடச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் ஓய்வூதியச் சேமிப்பு ஐந்து மியூச்சுவல் ஃபண்டுகளில் இருந்தது. ஒவ்வொரு ஃபண்டும் அதிகமாக வாங்கிவைத்திருக்கும் முதல் பத்துக் கம்பெனிகளின் பெயர்களை, அட்டைக்கு ஒன்றாக எழுதியிருந்தேன். ஆக ஐம்பது அட்டைகள். ஒரே பெயர் மறுபடி வந்தால் பழைய அட்டையின் மேலேயே வைப்பது என்று விதி.

முடித்துவிட்டுப் பார்த்தபோது பதின்மூன்று குவியல்கள்தான் இருந்தன. எட்டுக் குவியல்களில் ஐந்தைந்து அட்டைகள். ஐந்து வங்கிகள், இரண்டு ரயில்வேக்கள், ஒரு எண்ணெய்க் குழாய்க் கம்பெனி. எனக்குக் காது சூடாகிவிட்டது.

"ஓரெஸ்ட், இங்க வா. இப்பவே வா."

என் கணவன் கையில் பாதி தின்ற பெரோகிக் கொழுக்கட்டையோடு வந்து நின்றான். "என்ன, தரையில சீட்டாட்டமா?"

"நாம அஞ்சு ஃபண்டு வாங்கல. ஒரே ஃபண்டை அஞ்சு தடவை வாங்கியிருக்கோம். பேரு மட்டும்தான் வேற வேற."

அவன் குனிந்து பார்த்தான். "எல்லாமே நல்ல கம்பெனிதானே."

"நல்ல கம்பெனிதான். அஞ்சு தடவை எதுக்கு?"

அதற்குப் பதில் எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். வங்கியில் எங்களுக்கு ஆலோசனை சொல்லும் ட்ரெவர்தான், பனிக்கட்டித் தரையில் கல்லைத் தள்ளி ஆடும் கர்லிங்கில் ஓரெஸ்ட்டின் அணிக்குக் கேப்டன். ஒவ்வொரு வருடமும் வரிச்சலுகைக்குப் பணம் கட்டும் கடைசி வாரத்தில், ஆட்டம் முடிந்து ஷூவைக் கழற்றும்போது ட்ரெவர் கேட்பான்: "புதுசா ஒண்ணு வந்திருக்கு, போட்டுடலாமா?" பனிக்கட்டி மேல் அவன் காட்டிய இடத்தில் கல்லைத் தள்ளுகிறவன், வெளியே வந்ததும் எப்படி மறுப்பான்? கனடாவில், எங்கள் ஊரில் அது மரியாதைக் குறைவு.

நான் கட்டணத்தையும் கணக்குப் போட்டிருந்தேன். அந்த ஐந்துக்கும் வருடத்துக்கு நூற்றுக்கு இரண்டேகால் டாலர். பில் எதுவும் வராது, விலைக்குள்ளேயே கழிந்துவிடும். உலகம் முழுக்க உள்ள கம்பெனிகளையும் கொஞ்சம் கடன்பத்திரங்களையும் சேர்த்துப் பிடித்திருக்கும் ஒரே ஃபண்டு, பங்குச்சந்தையிலேயே கிடைக்கிறது. அதற்குக் கால் டாலர். எங்களிடம் இருந்தது மூன்று லட்சத்துப் பத்தாயிரம். வித்தியாசம் வருடத்துக்கு ஆறாயிரத்து இருநூறு.

"என் பஸ் சம்பளம் மாசம் ரெண்டாயிரத்து நானூத்தி எண்பது," என்றேன். "வருஷத்துல ரெண்டரை மாசம் நான் ஃபண்டுக்காரங்களுக்காகப் பஸ் ஓட்டறேன். மைனஸ் முப்பத்தெட்டு டிகிரி குளிருல."

எனக்கு அப்போது ஐம்பத்தெட்டு. அறுபதில் பள்ளிப் பேருந்தை விட்டு இறங்க வேண்டும் என்பது என் ஆசை. பழைய கணக்குப்படி அறுபத்து மூன்று வரை ஓட்டியாக வேண்டும். புதிய கணக்கை மூன்று முறை போட்டுப் பார்த்தேன். மூன்று முறையும் அறுபது என்றே வந்தது.

ஓரெஸ்ட் பெரோகியை முழுதாக வாயில் போட்டுக்கொண்டான். "ட்ரெவர்கிட்ட யார் சொல்றது?"

அடுத்த வாரம் முழுக்க வீட்டில் இதே பேச்சு. உலகச் சந்தையில் கனடா நூற்றுக்கு மூன்றுதான் என்று சொன்னால் ஓரெஸ்ட் ஒப்புக்கொள்ளவில்லை.

"மிச்சம் தொண்ணூத்தேழை நான் கண்ணால பாத்ததே இல்லையே."

"நீ ஓட்டற வண்டி ஜப்பான். பாக்கற டிவி கொரியா. உன் முழங்கால்ல வச்சிருக்கற இரும்பு ஜெர்மனி. எழுந்து நிக்கறதே வெளிநாட்டு மேலதான்."

அவன் சிரித்துவிட்டான். அவன் சிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. நூற்றுக்கு எண்பது பங்குகள், இருபது கடன்பத்திரங்கள் உள்ள ஃபண்டு என்று முடிவு செய்தோம். அவன் கணக்கில் மட்டும் பதினைந்தாயிரம் தனியாக ஒதுக்கி, அதில் அவனுக்குப் பிடித்த பங்கை வாங்கலாம் என்றேன். ஆனால் ஏன் வாங்குகிறான் என்று ஒரு அட்டையில் மூன்று வரி எழுதித் தர வேண்டும். ரயில்வேக்கு அவன் எழுதித் தந்தது: 'தினமும் நம்ம ஜன்னல் வழியா போகுது.' திருப்பிக் கொடுத்தேன். இரண்டாவது அட்டையில், கோதுமையும் பொட்டாஷ் உரமும் துறைமுகத்துக்குப் போக வேறு வழியே கிடையாது, இனிமேல் புதிதாக யாரும் தண்டவாளம் போடப்போவதும் இல்லை என்று எழுதியிருந்தான். முப்பது வருடமாக விவசாய இயந்திரம் பழுது பார்க்கிறவன் எழுதியது. அதை ஏற்றுக்கொண்டேன்.

மூன்றாவது சனிக்கிழமை பிற்பகல் நான் ஆடும் அணியும் ட்ரெவர் அணியும் மோதின. ஓரெஸ்ட் அவன் பக்கம், நான் எதிர்ப்பக்கம். கடைசிக் கல்லில் ஜெயித்தது நாங்கள். கர்லிங்கில் ஜெயித்தவர்கள் தோற்றவர்களுக்கு முதல் சுற்று பீர் வாங்கித் தந்து, ஒரே மேசையில் உட்கார்ந்தாக வேண்டும். எழுந்து போக முடியாது. எனக்கு வேண்டியதும் அதுதான்.

"ட்ரெவர், ஒண்ணு சொல்லணும். எங்க பணத்தை வெளிய எடுக்கறோம். நாங்களே வாங்கிக்கப் போறோம்."

ஓரெஸ்ட் தன் பீர் நுரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கல்லாலயும் அடிச்சு, கணக்கையும் எடுக்கறீங்க," என்றான் ட்ரெவர். பிறகு குரலைத் தணித்தான். "சந்தை நூத்துக்கு முப்பது விழும் ஒருநாள். அன்னிக்கு என்ன செய்வீங்க லெஸ்யா? என்னை மாதிரி ஆளுங்களோட பாதி வேலையே ஜனங்களை விக்கவிடாம பிடிச்சு வைக்கறதுதான்."

நியாயமான கேள்வி. கேலியாகப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "பனியில பஸ் சறுக்கும்போது பிரேக்கை மிதிக்கக் கூடாதுன்னு எனக்கு யாரும் பக்கத்துல உக்காந்து சொல்றதில்ல. காலை எடுத்துட்டு ஸ்டீயரிங்கை நேரா பிடிச்சுப்பேன்."

ட்ரெவர் தலையாட்டினான். "திங்கக்கிழமை வாங்க, ஃபாரத்துல கையெழுத்துப் போடறேன். மாத்தறதுக்கு ரெண்டு வாரம் ஆகும்." ஓரெஸ்ட்டின் பக்கம் திரும்பினான். "நீ செவ்வாய்க்கிழமை ஆட்டத்துக்கு வர்றியா, இல்ல அதையும் நீங்களே வீட்டுல ஆடிக்கறீங்களா?"

ஓரெஸ்ட் அப்போதுதான் கிளாசைத் தூக்கினான். "வரேன் கேப்டன், வரேன்."

மார்ச் இரண்டாவது வெள்ளி, பணம் புதிய கணக்குகளுக்கு ரொக்கமாக வந்து சேர்ந்தது. திங்கள் காலை பனிப்புயல். ஐந்தரைக்கு ரேடியோவில் பேருந்துகள் ரத்து என்றார்கள். நான் பள்ளிப் பிள்ளை மாதிரி கை தட்டினேன். டொரன்டோ சந்தை எங்கள் நேரப்படி எட்டரைக்குத் திறக்கும். திறந்து பத்து நிமிடம் கழித்து வாங்குவது என்று அட்டையில் குறித்திருந்தேன். புதிய ஃபண்டின் வெள்ளிக்கிழமை விலை, யூனிட்டுக்கு முப்பத்தெட்டு டாலர் பத்து சென்ட்.

எட்டு இருபதுக்கே காப்பியோடு கணினி முன்னால் உட்கார்ந்தோம். விலை முப்பத்தெட்டு நாற்பத்தொன்று. அதுவும் எங்கள் கண்ணெதிரே ஓடிக்கொண்டிருந்தது.

"திறக்கவே இல்ல, எப்படி ஓடுது?" என்றான் ஓரெஸ்ட்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பிறகு புரிந்தது. டொரன்டோ இருக்கும் ஒன்டாரியோவில் முந்தின நாள், கோடைக்கால நேரத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியிருந்தார்கள். எங்கள் சாஸ்கட்செவன் மாகாணத்தில் நாங்கள் கடிகாரத்தைத் தொடுவதே இல்லை. சந்தை திறந்து ஐம்பது நிமிடம் ஆகிவிட்டிருந்தது.

"முப்பத்தொரு சென்ட் ஏறிடுச்சு," என்றான். பேனாவை எடுத்துப் பெருக்கினான். "ரெண்டாயிரத்து முன்னூத்தி எண்பது. கிட்டத்தட்ட உன் ஒரு மாசச் சம்பளம் லெஸ்யா. இறங்கட்டும், மத்தியானம் வாங்கலாம்."

"இறங்கலன்னா?"

"நாளைக்கு."

"நாளைக்கும் ஏறினா? ஒவ்வொரு நாளும் இப்படி உக்காந்து பாத்துட்டிருந்தா நான் அறுபத்தஞ்சு வரைக்கும் பஸ்தான் ஓட்டணும். இருபது வருஷத்துக்கு வாங்கறோம். முப்பத்தொரு சென்ட் அப்ப எங்க இருக்கும்?"

சொல்லிவிட்டு விசைப்பலகையை என் பக்கம் இழுத்தேன். என் கணக்கில் நாலாயிரத்து முப்பது யூனிட் என்று போட்டேன். இரண்டு முறை படித்தேன். அழுத்தினேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் 'நிறைவேறியது' என்று வந்துவிட்டது. இருபத்திரண்டு வருடச் சேமிப்பு ஒரு நொடியில் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. எனக்கு எழுந்து நடக்க வேண்டும் போலிருந்தது. அடுப்பு வரை போய்த் திரும்பினேன்.

அடுத்து ஓரெஸ்ட்டின் கணக்கு. அவன்தான் அழுத்த வேண்டும், அது அவன் உழைப்பு. எண்களைப் போட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான்.

"ட்ரெவர்னா அவனே செஞ்சுடுவான், நான் பாக்கக்கூட வேண்டாம்," என்றான்.

"ஆமா. அதுக்குத்தான் ரெண்டரை மாசம்."

அவன் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அழுத்தினான். திரையை உற்றுப் பார்த்தான். முகம் மெல்ல விரிந்தது. "முப்பத்தெட்டு முப்பத்தேழு. உன்னைவிட நாலு சென்ட் கம்மி."

"பெரிய வியாபாரிதான் போ."

"அப்படியே ரயில்வே என்ன விலைன்னு பாரு."

அவன் அதைத் தேடிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. பேருந்துப் பணிமனையிலிருந்து கிளெண்டா. செப்டம்பர் வழித்தடங்களுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தாள். "லெஸ்யா, உனக்குப் பழைய ஏரி ரூட்டே போடவா? எத்தனை வருஷத்துக்கு எழுதறது? அஞ்சு?"

"ரெண்டு."

"என்னடி சொல்ற? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். ரெண்டுன்னு எழுது. பேனாவால எழுது."