காயாத தோட்டாக்கள்

தட்டைச் சாய்த்தேன். ஒரு தோட்டாவும் உருளவில்லை. இருநூறும் எண்ணெய்த்தாளில் வேர் பிடித்ததுபோல் நின்றன.

"காஞ்சிருச்சா ரெஜினு?" சோலையப்பன் அண்ணன் ஈயச் சட்டியருகே இருந்து கேட்டார்.

"எங்கண்ணே காயுது. மூணு நாளாச்சு, இப்ப ஊத்துன மாதிரியே கெடக்கு."

சனிக்கிழமை எங்கள் வேலை அறையின் ஏசி நின்றுபோனது. அக்டோபர் வந்தும் வெளியே காற்று ஈரத்துணி மாதிரி முகத்தில் அப்பியது. விஜயபாஸ்கர் சாரிடம் மூன்று முறை சொல்லிவிட்டேன். ஸ்டோருக்கும் எங்களுக்கும் அவர்தான் சூப்பர்வைசர். கம்ப்ளெயின்ட் எழுதிப் போட்டதாகத்தான் ஒவ்வொரு முறையும் சொன்னார்.

அரபு நாட்டில் எங்களைப் போன்ற தொழிலாளிகள் தங்கும் சோனாப்பூர் கேம்பிலிருந்து பஸ்ஸில் ஐம்பது நிமிடம் போனால் மணல்மேடுகளுக்கு நடுவே எங்கள் கிளப். இங்கே ஆண்டுக்கு ஒருமுறை பழைய துப்பாக்கிப் போட்டி நடக்கும். தாத்தா காலத்து நீளத் துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டு இருபது பேர் வருவார்கள். ஆளுக்குப் பத்துக் குண்டு. அந்தத் துப்பாக்கிகளுக்குக் கடையில் தோட்டா கிடைப்பதில்லை. கிளப்பே லைசென்ஸ் வாங்கி ஈயத்தை உருக்கி வார்க்கிறது. வெடிமருந்து அடைப்பது கிளப் மேனேஜர் முஆத்தின் வேலை. மருந்து அறையின் சாவி அவர் இடுப்பில் இருக்கும். ஈயமும் மேல்பூச்சும் மட்டும் எங்களுடையது. ஆறு வருடத்தில் நான் ஒரு துப்பாக்கியைத் தொட்டதில்லை. தோட்டாவை என் விரல் அறியும், அவ்வளவுதான்.

பூச்சு தேன் நிறத்தில் இருக்கும். திரவ மெழுகு. டப்பாவில் தோட்டாக்களைப் போட்டு, ஒரு மூடி அளவு ஊற்றி, பொரி கலப்பதுபோல் மெதுவாகக் குலுக்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றாக நிறுத்திக் காயவிட வேண்டும். பூச்சு இல்லாவிட்டால் ஈயம் குழலுக்குள் இழுபட்டு ஒட்டிக்கொள்ளும். காயாமல் போனால் அதைவிட மோசம். மணலைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்க் குழலைக் கீறிவிடும். ஊர் முழுக்க மணல்.

இந்த முறை ஒரே தடவையில் கெட்டியாகப் பூசச் சொன்னவர் விஜயபாஸ்கர். நேரம் மிச்சமாகுமாம்.

புதன்கிழமை மத்தியானம் கையில் ஒரு படிவத்தோடு வந்தார்.

"ரெஜின், கையெழுத்துப் போடு. முஆத் சாருக்கு இன்னிக்கே பெட்டி போகணும்."

"இதுல போட மாட்டேன் சார்."

"என்னது?"

"காயல்ல. நீங்களே தொட்டுப் பாருங்க."

அவர் தொடவில்லை. "லேசா பிசுபிசுப்பு இருக்கத்தான் செய்யும். நீ என்ன பெரிய விஞ்ஞானியா?"

"விஞ்ஞானி இல்ல சார். கையெழுத்துப் போடுறவனாக்கும்."

சோலையப்பன் அண்ணன் கரண்டியைச் சட்டி விளிம்பில் தட்டினார். சிரிப்பை மறைக்க அவர் செய்வது அது.

"முஆத் சார்கிட்ட சொல்லி அவரு ரூம்ல தட்ட வைப்போம். அங்க ஐஸு மாதிரி இருக்கும்லா. ஒரு நாள் போதும்," என்றேன்.

"சொன்னா ஏசி எப்ப போச்சுன்னு கேப்பாரு."

"கேக்கட்டும்."

அவர் முகம் இறுகியது. கம்ப்ளெயின்ட் போகவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருக்கும் அது புரிந்துவிட்டது. குரலைத் தாழ்த்தி, "சரி. நீ போட வேணாம். யாரையும் கட்டாயப்படுத்தல. அண்ணே, இங்க வாங்க. இந்தக் கோட்டுல ஒரு கையெழுத்து," என்றார்.

சோலையப்பன் அண்ணன் கையைத் துணியில் துடைத்தபடி எழுந்து வந்தார். முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரர். ஆங்கிலம் படிக்கத் தெரியாது. தன் பெயரை மட்டும் ஆங்கிலத்தில் எழுதுவார், கோலம் போடுவதுபோல் ஒவ்வொரு வளைவாக.

"இது என்னத்துக்கு சார்?"

"சும்மா. சரக்கு ரெடின்னு."

"அண்ணே, போடாதீங்க," என்றேன். "துப்பாக்கி கெட்டுப்போனா அந்தப் பேர வச்சுத்தான் ஆளத் தேடுவாங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு விஜயபாஸ்கரைப் பார்த்தார். அடுத்த மாதம் அவருக்கு விசா புதுப்பிக்க வேண்டும். அந்தத் தாளும் விஜயபாஸ்கர் கையில்தான் இருக்கிறது. மூன்று பேருக்கும் அது தெரியும். அண்ணன் பேனாவை வாங்கிக்கொண்டார்.

"விடு தம்பி. எம்பேருதான. தேஞ்சா போயிரும்."

நான் போடாவிட்டால் அந்தக் கோடு காலியாக இருக்காது என்பதை அதுவரை நான் யோசிக்கவே இல்லை. என் மறுப்பு ஒரு படி கீழே இறங்கி அவர் தலையில் உட்கார்ந்துவிட்டது.

சட்டியில் ஈயம் தயாராக இருந்தது. நன்றாக உருகிய ஈயத்தில் வானம்போல் ஒரு நீலம் ஓடும். நான் முகக்கவசத்தை இறக்கினேன். புகை உறிஞ்சும் விசிறியைப் போட்டேன். தட்டைத் தாளோடு தூக்கி, தோட்டாக்களைப் பிடுங்கிக் கரண்டியில் போட்டு, சட்டிக்குள் இறக்கினேன்.

"டேய், என்னடா பண்ற?"

முதல் கரண்டியிலேயே மெழுகு பற்றிக்கொண்டது. ஒரு சாண் உயரத்துக்கு மஞ்சள் தீ. விஜயபாஸ்கர் கதவுவரை பின்வாங்கினார். இரண்டாவது கரண்டி. மூன்றாவது. தோட்டாக்கள் இடுப்பளவு, கழுத்தளவு மூழ்கிக் காணாமல் போயின. எரிந்த மெழுகு ஈயத்தின் அழுக்கையெல்லாம் மேலே கொண்டுவந்தது. அடியில் கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது. அந்தப் பூச்சு உருப்படியாகச் செய்த ஒரே வேலை அதுதான்.

"அவ்ளோதான் நீ. கலாஸ். உன்ன டிக்கெட் போட்டு அனுப்பல..."

"அனுப்புங்க சார். இப்ப கையெழுத்துப் போட ஒண்ணுமில்லல்லா."

பேனா அண்ணன் கையிலேயே இருந்தது. அவர் எழுதியிருக்கவில்லை.

புகையைப் பார்த்து முஆத் வந்தார். கணுக்கால்வரை வெள்ளை கந்தூரா அங்கி, இடுப்பில் சாவிக்கொத்து. எது நடந்தாலும் குரல் உயர்த்தாத மனிதர், அதனாலேயே எல்லாருக்கும் பயம்.

"யார் செய்தது?" இந்தியில் கேட்டார்.

"நான்."

விஜயபாஸ்கர் வேகவேகமாக ஏதோ சொன்னார். பைத்தியம், திமிர், கம்பெனி சொத்து என்ற வார்த்தைகள் வந்தன. நான் தாளின் மூலையில் தப்பிக் கிடந்த ஒரு தோட்டாவை எடுத்து, ஜன்னல் விளிம்பில் படிந்திருந்த மணலில் ஒரு புரட்டுப் புரட்டி முஆத்திடம் நீட்டினேன். எள்ளுருண்டை போலிருந்தது.

முஆத் அதை இரண்டு விரலால் உருட்டினார். நறநறவென்றது. துடைக்க மறந்து கையைக் கந்தூராவில் வைத்துவிட்டார். வெள்ளைத் துணியில் ஒரு பழுப்புக் கோடு. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏசி எப்போதிலிருந்து இல்லை?"

"சனிக்கிழமையிலிருந்து," என்று சொன்னது நானில்லை, சோலையப்பன் அண்ணன். அவருடைய இந்தி தட்டுத் தடுமாறும். ஆனால் ஒவ்வொரு சொல்லாக, தன் பெயரை எழுதுவதுபோல் சொல்லி முடித்தார். "மூணு தடவ இந்த சார்ட்ட சொல்லியாச்சு. நானும் கூட இருந்தேன்."

விஜயபாஸ்கர் படிவத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் செருகினார்.

அன்று மாலைக்குள் இருநூறும் மறுபடி வார்த்தோம். மெல்லியதாக ஒரு பூச்சு, வியாழன் காலை இன்னொன்று. தட்டுகள் முஆத்தின் மேசைமேல் காய்ந்தன. அவற்றை ஆடாமல் தூக்கிக்கொண்டு போனது விஜயபாஸ்கர். கதவைக்கூட அவருக்கு யாரும் பிடித்துவிடவில்லை.

வியாழன் மாலை முஆத் என்னைக் கூப்பிட்டார். மேசையில் எனக்கொரு எச்சரிக்கைக் கடிதம் இருந்தது. அனுமதியின்றிச் சரக்கை அழித்தது. இன்னொரு முறை நடந்தால் வேலை இல்லை.

"போட்டி முடிந்ததும் உன் விஷயம் பேசுவோம். சம்மதமா?"

மேசைமேல் காய்ந்துகொண்டிருந்த தட்டை நான் சாய்த்தேன். தோட்டாக்கள் கடகடவென்று மறுகரைக்கு ஓடின. பேனாவை எடுத்துக் கடிதத்தில் முழுப் பெயரையும் எழுதினேன். அதன் கீழே தமிழில் ஒரு வரி சேர்த்தேன்.

"இது என்ன?"

"காயாததை அனுப்ப மாட்டேன்னு எழுதியிருக்கேன்."

அவர் கடிதத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். "எனக்குப் புரிகிற மாதிரி எழுது."

ஆங்கிலத்திலும் எழுதினேன். அடுத்த முறையும் உருக்குவேன் என்று இன்னொரு வரியும் சேர்த்தேன்.