இல்லாமல் போன குருவி

முப்பத்தோராவது நிறுத்தத்தில் ஆரின் ஹெல்ஸ்டட் வண்டியை அணைத்துவிட்டு இறங்கி நின்றான். ஜூன் மாத விடியல். காட்டுப்பாதையில் மூடுபனி முழங்கால் வரை கிடந்தது. ஆண்டுக்கு ஒரு காலை அவனுக்கு இதுதான் வேலை. அரை மைலுக்கு ஒருதரம் நிற்க வேண்டும், மூன்று நிமிடம் காது கொடுக்க வேண்டும், கேட்ட பறவைகளைத் தாளில் குறிக்க வேண்டும். கூலி கிடையாது. இருபத்திரண்டு வருடமாகச் செய்கிறான். கண்ணை நம்பி இந்தக் காட்டில் பறவை எண்ண முடியாது. எல்லாம் காதுதான்.

அந்தக் காதைத்தான் அவன் பெண்டாட்டி லோர்னா சந்தேகப்பட்டாள். மருந்துக்கடையில் இருமல் மருந்துக்கும் பாதவெடிப்புக் களிம்புக்கும் நடுவே தொங்கிய காதுக்கருவி ஒரு ஜோடியை, டாக்டர் சீட்டு கூட இல்லாமல், வாங்கி வந்துவிட்டாள்.

"சீப்பு மாதிரி தொங்கவிட்டு விக்கிறவன்கிட்ட யாராவது காது வாங்குவாங்களா?" என்றான்.

"உன் காதும்தான் அம்பத்தெட்டு வருஷமா தொங்குது. அதை நம்புறல்ல?"

காக்கை கேட்கிறது, மரங்கொத்தி கேட்கிறது, அவள் திட்டுவதும் கேட்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்? இருந்தாலும், ஒன்றுக்கும் உதவாத சாமான் என்று அவளிடம் சொல்லவாவது ஒருதரம் மாட்டிப் பார்க்க வேண்டுமே. இந்த நிறுத்தத்தில் சட்டைப்பையிலிருந்து எடுத்து மாட்டினான்.

முதலில் அவன் சட்டையே சரசரத்தது. பிறகு பனிக்குள்ளிருந்து, ஊசிமுனையில் நூல் இழுத்தது போல, மெல்லிசாக ஏதோ ஏறிப்போனது. கருவிதான் கீச்சிடுகிறது, விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்று நினைத்தான். கழற்றினான், நின்றுவிட்டது. மாட்டினான், வந்தது. தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தான். சத்தம் அவனோடு திரும்பவில்லை. எதிரே நின்ற ஊசியிலை மரத்தின் உச்சியிலேயே இருந்தது. அங்கே ஒன்று, தள்ளி இன்னொன்று, அப்பால் இரண்டு. காடு முழுக்க யாரோ கண்ணுக்குத் தெரியாத துணியைத் தைத்துக்கொண்டிருந்தார்கள்.

கட்டைவிரல் பருமன், தலையில் மஞ்சள் வகிடு. இல்லாமல் போன அந்தக் குருவியின் குரல்தான். அவன் தாள்களில் அது பதினாலு, ஒன்பது, மூன்று என்று தேய்ந்து, ஆறு வருடமாகச் சுழியாகக் கிடந்தது. சுழி விழுந்த முதல் வருடம், மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில் எழுந்து, "கிளேட்டனோட ரம்பம்தான் அந்தக் குருவியை முடிச்சுது" என்று சொன்னவன் அவன். கிளேட்டன் அதுவரை சொந்த மரத்தை வெட்டி விற்றுவந்தவன். ரம்பத்தை விற்றுவிட்டுப் பள்ளிக்கூட பஸ் ஓட்டப் போய்விட்டான்.

ரப்பர் பூட்ஸும் காபிக் கோப்பையுமாக அந்தக் கிளேட்டனே இப்போது தன் வீட்டிலிருந்து பாதைக்கு வந்தான்.

"இந்த வருஷமும் என் வாசல்ல துக்கம் விசாரிக்க வந்துட்டியா?"

"கிளேட்டன், அந்தக் குருவி இருக்கு. உன் மரத்துல நாலு."

கிளேட்டன் கோப்பையை இறக்கினான். அவன் முகத்தில் இத்தனை வருடம் பார்க்காத வெளிச்சம். "திரும்பி வந்துருச்சா? அப்ப நான் வெட்டாம விட்டதுக்குப் பலன் இருக்கு, என்ன?"

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். இரண்டு பேருக்கும் நல்லது. தாளும் அதைத்தான் சொல்லும். ஆரின் பென்சிலை உருட்டிக்கொண்டே நின்றான். பனி அசைந்தது. மேலே தையல் நிற்கவில்லை.

"வரல. போகவே இல்ல," என்றான். "என் காதுதான் போயிருச்சு."

கிளேட்டன் கோப்பையில் மிச்சமிருந்த காபியைப் பாதையோரம் கொட்டினான்.

"எங்கப்பன் குடுத்த ரம்பம்டா அது."

"தெரியும்."

ஆரின் ஒரு காதிலிருந்து கருவியைக் கழற்றி நீட்டினான்.

"உன் காதழுக்கு எனக்கெதுக்கு? எங்கன்னு சொல்லு."

ஆரின் கை நீட்டினான். கிளேட்டன் கோப்பையைப் பாதையிலேயே வைத்துவிட்டு, பனிக்குள் இறங்கிப்போய், அந்த மரத்தடியில் அண்ணாந்து நின்றான். மூன்று நிமிடம் எப்போதோ கடந்திருந்தது. காற்றில்லாத அந்த விடியலில் உச்சிக்கிளையின் நுனி மட்டும் ஒருதரம் தாழ்ந்து எழுந்தது.