ஈரம் காயாத மாவுக்கட்டு

விசாரணைக்குப் போகுமுன் முதல்நாளே தொலைபேசியில் சொல்லிவிடுவது சத்தியநேசனின் மாறாத வழக்கம். காப்பீட்டு நிறுவனத்துக்காக வேலையிட விபத்துகளை விசாரிப்பவர் அவர். அடிபட்டுக் கிடப்பவன் இருக்குமிடத்தில் சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்பது மரியாதையல்ல என்பது அவர் எண்ணம். உடன் வேலை செய்கிறவர்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

சாலைக் கடைத்தெருவில் இரும்புக் கிட்டங்கி வைத்திருக்கும் திரவியத்துக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தார். சுமை தூக்கும் பிச்சைக்கனியின் வலது காலில் சென்ற மாதம் தகட்டுக்கட்டு விழுந்து எலும்பு நொறுங்கியதாக, எக்ஸ்ரே படத்தோடு இழப்பீடு கேட்டிருந்தார் திரவியம்.

மறுநாள் காலை சத்தியநேசன் போனபோது, கிட்டங்கியின் பின்னறையில் பிச்சைக்கனி கட்டிலில் கிடந்தான். முழங்கால்வரை மாவுக்கட்டு.

"வாங்க சாரே, சாயா குடிக்கியளா?" என்று வாயெல்லாம் பல்லாக வரவேற்றார் திரவியம். "பாவம் பய, இனி சுமடு எடுக்கவே மாட்டான்."

சத்தியநேசன் கட்டைத் தொட்டுப் பார்த்தார். விரலில் வெள்ளை ஒட்டியது. மாவு இன்னும் ஈரம் காயவில்லை. குதிகாலருகே ரத்தம் ஊறிக்கொண்டிருந்தது. வெளியே நீட்டியிருந்த கால்விரல்கள் நாவற்பழமாய்க் கறுத்துச் சில்லிட்டிருந்தன.

"எப்பம் அடிபட்டது மக்கா?"

"போன மாசம் சார்." பற்கள் தந்தியடித்தன.

"இது நேத்து உடைஞ்ச காலுல்லா!"

பிச்சைக்கனியின் கண்கள் வாசலுக்குப் போயின. அங்கே கிட்டங்கி மேஸ்திரி ஷிஜு இரும்புக்குழாயை ஊன்றி நின்றிருந்தான். வலியா அச்சமா என்று பிரித்தறிய முடியாத ஒரு கேவலோடு பிச்சைக்கனி உடைந்து அழுதான்.

"எனக்கு ஒண்ணுமே ஆகல சார். எக்ஸ்ரே வேற யாருக்கோ உள்ளது. கையெழுத்து போட்டாப் போதும்னாவ. நீங்க வாறியள்னு தெரிஞ்சதும் வாயில துணியத் திணிச்சு, சாக்கப் போட்டு மூடி, அந்தக் குழாயால..."

மான்கள் ஒதுங்கிக்கொள்ளட்டும் என்று இருமிக்கொண்டே காட்டுக்குள் நுழைந்த வழிப்போக்கனின் கதைதான் சத்தியநேசனுடையது. அந்த இருமல் புலியின் காதிலும் விழும் என்பதை அவர் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

"கட்டு இறுக்கி ரத்தமே ஓடல. இவன இப்பமே ஆசுபத்திரிக்குக் கொண்டு போணும். இல்லேன்னா காலையே எடுத்துருவாவ."

"ஷிஜு, ஷட்டரத் தாழ்த்துடே," என்றார் திரவியம், சாயாவுக்கு அழைத்த அதே குரலில்.

ஷட்டர் கடகடவென்று இறங்கியது. ஷிஜுவின் முதல் அடி தோளில் இறங்க, சத்தியநேசன் குப்புற விழுந்தார். அவர் காதைத் திரவியத்தின் செருப்பு தரையோடு நசுக்கியது. திமிறிக்கொண்டு, ஊர்ந்து கட்டிலைப் பிடித்து, தன் சாவிக்கொத்தில் கிடந்த சிறுகத்தியால் ஈரமாவை அறுக்கத் தொடங்கினார். முதுகில் குழாய் விழுந்தது. மறுபடியும் விழுந்தது. கத்தி நிற்கவில்லை. கட்டு பிளந்ததும் பிச்சைக்கனி போட்ட அலறலில் கூரைத் தகடு அதிர்ந்தது. கிழிந்த சதைக்குள்ளிருந்து எலும்பின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

ஓங்கிய குழாயோடு ஷிஜு அதைப் பார்த்தான். நேற்று அவன் அடித்தது சாக்கின்மேல்; தன் கை செய்ததை இப்போதுதான் கண்டான்.

"என்னலே வாயப் பொளந்துக்கிட்டு நிக்கே? போடு!" என்று கத்தினார் திரவியம்.

"மொதலாளி... இது காலா?"

"அடிச்சது நீ," என்றார் சத்தியநேசன், ரத்தத்தைத் துப்பிவிட்டு. "வாறேன்னு முன்னக்கூட்டிச் சொல்லி அடிக்க வச்சது நான். வா, ஒரு கை பிடி."

குழாய் தரையில் உருண்டது. குறுக்கே பாய்ந்த திரவியத்தை ஷிஜு ஒரே தள்ளில் தகட்டு அடுக்கின்மேல் சாய்த்தான். கூரான விளிம்பு அவர் புருவத்தைக் கிழித்தது. ஷட்டர் மேலேறியது. பிச்சைக்கனியை இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு, மூட்டைகளுக்கும் வண்டிகளுக்கும் நடுவே ஷிஜு ஓடினான். பின்னாலேயே நொண்டிக்கொண்டு ஓடிய சத்தியநேசன் ஆட்டோவை மறித்தார்.

அவசரப் பிரிவில் மருத்துவர் காலைப் பார்த்து முகம் சுளித்தார். "எந்து பற்றியதா?" என்று, நடந்ததை மலையாளத்தில் கேட்டார்.

சத்தியநேசன் வாய் திறக்குமுன் ஷிஜு சொன்னான்: "ஞான் அடிச்சதாணு டாக்டரே. போலீஸினெ விளிக்கணும்."

காலைக் காப்பாற்றிவிடலாம், ஆனால் சுத்தம் செய்யும்வரை யாராவது அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றார் மருத்துவர். ஷிஜு குனிந்து, அந்தக் காலை இரு உள்ளங்கைகளிலும் தாங்கினான்.

"மெதுவாப் பிடிலே, சண்டாளா!" என்று கதறினான் பிச்சைக்கனி. "நாசமாப் போவே!"

"ஏசி விளிச்சுக்கோ அண்ணே," என்றான் ஷிஜு. "எவ்வளவு வேணும்னாலும் விளிச்சுக்கோ." காவலர் வந்து தோளைத் தொடும்வரை அவன் கை அசையவே இல்லை.