குறையாத ஆயில்

அக்காவின் கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அம்மாவின் கல்யாணம் ஆபத்தில் மாட்டியது.

காரணம் அப்பாவின் வாய். மாப்பிள்ளையின் அப்பா ஹாஜ் மித்வல்லி காப்பிக் கடையில் எல்லார் முன்னாலும், "பொண்ணுக்கு வெள்ளை மெர்சிடிஸ் பேசிட்டேன், ஷௌகி. உன் பழைய வண்டிக்கு எதுக்குச் சிரமம்?" என்று சொல்லியிருக்கிறார். அப்பா டீக் கிளாஸை மேசைமேல் வைத்தார்.

"ரீஹாம் என் கார்லதான் மண்டபத்துக்குப் போவா. வேற கார்ல போனா என் பொண்டாட்டிக்குத் தலாக்!"

அலெக்ஸாண்ட்ரியாவில் ஆண்கள் மீனுக்குப் பேரம் பேசும்போதும் இப்படித்தான் சத்தியம் செய்வார்கள். விருந்தாளியை இன்னொரு தட்டு சாப்பிட வைக்கவும் இதே சத்தியம்தான். விருந்தாளி சாப்பிட்டுவிடுவார், பெண்டாட்டி தப்பித்துவிடுவாள். ஆனால் அவை எதுவும் அறுபது வயதைத் தாண்டிய இத்தாலியக் காரை நம்பிச் செய்த சத்தியங்கள் அல்ல.

அப்பா வீட்டுக்கு வருவதற்கு முன்பே செய்தி வந்துவிட்டது. அம்மா கோஸ் இலையில் அரிசி வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"என்னைய எதுல கொண்டுபோய்க் கட்டியிருக்க? அந்தக் கார்லயா?"

"அது சாதாரணக் காரா, இன்ஸாஃப்?"

"இல்ல. சாதாரணக் கார்ல ஆயில் முள்ளு இப்படித் தலை சுத்தி விழாது."

அம்மா சொன்னது உண்மை. ஆயில் பிரஷர் முள் சில வாரங்களாகவே சரியில்லை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் நாலில் நிமிர்ந்து நிற்கும். கார்னிஷ் என்கிற கடற்கரைச் சாலையில் நெரிசலில் நின்று என்ஜின் சூடானதும் மெல்ல இறங்கி ஒன்றுக்கும் கீழே படுத்துவிடும். கல்யாண ஊர்வலம் என்றால் ஹாரன் அடித்துக்கொண்டே நடைவேகத்தில் போவது. அந்த முள்ளுக்கு அதைவிடக் கெட்ட பாதை கிடையாது.

மசூதி இமாம், கோபத்தில் சொன்ன சத்தியம்தானே, பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு போட்டால் தீர்ந்துவிடும் என்றார். அப்பாவின் முகம் மலர்ந்தது. அம்மாவின் முகம் மலரவில்லை.

"ஏழைங்களுக்குச் சோறு போடலாம். காப்பிக் கடைக்காரனுங்க வாய்க்கு எதைப் போடுவ? அவ மெர்சிடிஸ்ல ஏறினா நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன். ஒழுங்கா முள்ளைச் சரிபண்ணு."

காப்பிக் கடை அந்த முள்ளை ஏற்கெனவே விசாரித்து முடித்திருந்தது. மீட்டரே பொய் சொல்கிறது என்றார் சவரக்கடைக்காரர். கெட்டியான ஆயில் ஊற்று என்றார் இஸ்திரிக்காரர். முள்ளின்மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டால் கவலை இராது என்றார் பூகோள வாத்தியார். அப்பாவுக்கு மூன்றாவது யோசனை பிடித்திருந்தது. அம்மா அவரை மெக்கானிக் உஸ்தா ஃபிக்ரியின் பட்டறைக்கு அனுப்பினாள். தன் வழக்கைத் தானே கேட்க வேண்டும் என்று கூடவே போனாள். நான் பின்சீட்டில் இருந்தேன்.

ஃபிக்ரி அப்பாவின் பள்ளித் தோழர். உயரமானவர், நீலக் கண்கள். முதலில் முள்ளைச் சந்தேகப்படுவோம் என்றார். மீட்டருக்குச் செய்தி அனுப்பும் சின்னக் குமிழை என்ஜினிலிருந்து கழற்றி, அதே துளையில் நீளமான குழாயுள்ள தன் மீட்டரை முடுக்கினார்.

"ரெண்டும் ஒண்ணு சொன்னா முள்ளு யோக்கியம். வேற வேற சொன்னா முள்ளு களவாணி."

என்ஜின் குளிர்ந்திருந்தபோது அவர் மீட்டர் நாலு காட்டியது. டீ வந்தது, குடித்தோம். என்ஜின் சூடானது. அவர் மீட்டரும் இறங்கி ஒன்றுக்குக் கீழே போய்ப் படுத்தது.

"முள்ளு யோக்கியம்தான். ஆயில் எவ்வளவு இருக்கு?" ஃபிக்ரி ஆயில் பார்க்கும் கம்பியை நோக்கிக் கையை நீட்டினார்.

அப்பா சட்டென்று அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "காலையிலதான் பார்த்தேன். கோட்டுக்கு நேரா நிக்குது. நீ எதுக்குக் கையை அழுக்காக்கிக்கிற?"

"ஏற்கெனவே அழுக்காத்தானே இருக்கு?"

"இன்னும் எதுக்கு அழுக்காகணும்?"

ஃபிக்ரி தோளைக் குலுக்கினார். "அப்ப பேரிங் தேஞ்சிருக்கு. என்ஜினைப் பிரிக்கணும். கல்யாணம் முடியட்டும், பிரிக்கலாம். இப்படியே ஊர்வலத்துக்கு எடுத்துட்டுப் போனா கார்னிஷ்லயே இறுகி நின்னுடும்."

வீட்டு வாசலில் இறங்கியதும் அம்மா சொன்னாள்: "அண்ணனுக்கு போன் பண்ணி அந்தச் சின்ன அறையைச் சுத்தம் பண்ணச் சொல்றேன்."

மறுநாள் காலை சமையலறையிலிருந்து அவள் குரல் தெருவுக்குக் கேட்டது.

"ஷௌகி! இந்தத் துணியை யாரு தொட்டது?"

அடுப்பு துடைக்கும் கட்டம்போட்ட துணி அது. அப்பா தினமும் அதை எடுத்துப்போய் ஆயில் கம்பியைத் துடைத்துவிட்டு, நான்காக மடித்து, கறை உள்பக்கம் போகும்படி அதே ஆணியில் மாட்டிவந்திருக்கிறார். அம்மா அதை அவர் மூக்குக்கு நேராகப் பிடித்தாள்.

"முகர்ந்து பாரு. இது ஆயில் வாசனையா? பெட்ரோல்! எரியிற அடுப்புக்குப் பக்கத்துல பெட்ரோல் துணி. தலாக்குக்கு முன்னாடி என்னைக் கொளுத்திடலாம்னு பார்த்தியா?"

"பெட்ரோலை நான் தொடவே இல்ல. ஆயில்தான் பார்த்தேன்."

"தினமுமா? தினமும் பார்க்க அதுல என்ன, சினிமாவா ஓடுது?"

அப்பா ஜன்னலைச் சாத்தினார். கதவையும் சாத்தினார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்.

"இன்ஸாஃப், சத்தம் போடாத. மாஷா அல்லாஹ், அந்தக் கார்ல பரக்கத் இருக்கு, அல்லாவோட அருள். ரெண்டு மாசமா ஒரு சொட்டு ஆயில் ஊத்தல. குறையவே இல்ல. தினமும் கொஞ்சம் ஏறுது."

"என்னது ஏறுது?"

"ஆயிலு. கோட்டைத் தாண்டி ஒரு விரக்கடை மேல நிக்குது. வெளியில சொன்னா கண்ணு பட்டுடும்னு யார்கிட்டயும் சொல்லல."

அம்மா ஸ்டூலில் உட்கார்ந்தாள். "ஊத்தாத ஆயில் ஏறுதா? ஊத்தாத எண்ணெய் என் வாணலியில என்னைக்காவது ஏறியிருக்கா? இவ்வளவு வருஷமா நல்ல மனசோடதானே சமைக்கிறேன்?"

நான் கீழே போய் அந்தக் கம்பியை உருவினேன். தண்ணீர் மாதிரி வழிந்தது. செய்தித்தாள் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டு மேலே கொண்டுவந்தேன். நடுவில் சின்னதாகக் கறுப்பு. அதைச் சுற்றி வெளிறிய வளையம் விரிந்துகொண்டே போனது.

"இதுல ஆயில் மட்டும் இல்லப்பா," என்றேன்.

ஃபிக்ரி பையைத் தூக்கிக்கொண்டு எங்கள் தெருவுக்கே வந்தார். கம்பியைப் பார்த்தார். முகர்ந்தார். பிறகு நடைபாதையில் உட்கார்ந்து தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"ஷௌகி, நேத்து உன்கிட்ட நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி."

"கோட்டுக்கு நேரா இருக்குன்னு தோராயமாத்தான் சொன்னேன்."

"ஏண்டா மறைச்ச?"

அப்பா தன் செருப்பைப் பார்த்தார். மாடியிலிருந்து அம்மா பதில் சொன்னாள்: "உன் கண்ணு நீலம், உஸ்தா. நீலக் கண்ணு பட்டா பரக்கத் போயிடுமாம்!"

"எங்க மாமியாரும் இதைத்தான் சொல்லுவா," என்றார் ஃபிக்ரி, என்ஜினுக்குள் குனிந்தபடி.

என்ஜினின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த பெட்ரோல் பம்பை அவர் கழற்றிப் பிரித்தார். உள்ளே இருந்த ரப்பர் சவ்வை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். நகக்கீறல் மாதிரி ஒரு விரிசல். வண்டி ஓடும்போதெல்லாம் அதன் வழியே பெட்ரோல் சொட்டி ஆயிலில் கலந்திருக்கிறது. அளவு ஏறியது அதனால். ஆயில் நீர்த்து, சூட்டில் இன்னும் இளகி, முள் விழுந்ததும் அதனால்தான். இறக்கிய ஆயிலைத் தகரத்தில் பிடித்தபோது அது சலசலவென்று விழுந்தது.

"இது ஆயிலா, சூப்பா? ஒரு பொறி பட்டிருந்தா பரக்கத் மொத்தமும் பால்கனி உயரத்துக்குப் போயிருக்கும்."

புதுச் சவ்வு கெய்ரோவிலிருந்து பஸ்ஸில் வந்தது. மாட்டி, புது ஆயில் ஊற்றி, ஃபிக்ரி என்ஜினை ஓடவிட்டார். சூடாகும்வரை காத்திருந்தோம். முள் இறங்கி இரண்டுக்கு வந்தது. அங்கேயே நின்றது.

"பேரிங் கொஞ்சம் தேஞ்சிருக்கலாம். உனக்கும் எனக்கும் முட்டி தேஞ்ச மாதிரி. ஓடும்," என்றார். கம்பியை உருவி, தன் நீலக் கண்களால் வேண்டுமென்றே வெகுநேரம் பார்த்துவிட்டுத்தான் திரும்பச் சொருகினார். அப்பா உதட்டுக்குள் ஏதோ ஓதினார்.

வியாழக்கிழமை மாலை அக்காவும் மாப்பிள்ளை ஹாஸிமும் பின்சீட்டில் ஏறினார்கள். அக்காவின் கவுனுக்கும் கதவுக்கும் நடுவில் நான். முன்சீட்டில் மாப்பிள்ளையின் சித்தப்பா உட்கார வேண்டியது. அம்மா முந்திக்கொண்டாள்.

"முள்ளை நான் பார்த்துக்கறேன். என்னோட முள்ளு."

கார்னிஷ் முழுக்க ஹாரன். முன்னால் ஒரு லாரியில் மத்தளக்காரர்கள், பின்னால் பின்சீட் காலியான வெள்ளை மெர்சிடிஸில் ஹாஜ் மித்வல்லி. நடுவில் நாங்கள் ஊர்ந்தோம். ஒவ்வொரு சிக்னலிலும் அம்மா முள் நிற்கும் இடத்தைச் சொன்னாள், குலவையிட்டாள், மறுபடி சொன்னாள். "ரெண்டு." குலவை. "ரெண்டுக்குக் கொஞ்சம் கீழ." குலவை இல்லை. "ரெண்டு!" நீளமான குலவை.

மண்டப வாசல் தெரிந்தது. விளக்குத் தோரணத்துக்குச் சற்று முன்னால், முன்னே போன லாரி திரும்புவதற்காக அப்பா நிறுத்தினார். அம்மா கையை நீட்டி என்ஜினை அணைத்து, சாவியை உருவிக் கைப்பைக்குள் போட்டாள்.

"என்ன பண்ற? முள்ளு நல்லாத்தானே நிக்குது?"

"நிக்குது. மண்டபம் அங்க இருக்கு. கார் இங்க இருக்கு. இன்னும் போய்ச் சேரல."

"இன்ஸாஃப், பின்னாடி ஊரே நிக்குது."

"நிக்கட்டும். இனிமே அந்த வார்த்தையை எடுக்கமாட்டேன்னு சொல்லு."

பின்னால் ஹாரன்கள் கூடின. ஹாஸிம் ஜன்னல் வழியே வெளியே பார்ப்பதுபோல் இருந்தான். அக்கா முகத்திரைக்குள் சிரித்தாள்.

"எடுக்கமாட்டேன்."

"காப்பிக் கடையில?"

"மாட்டேன்."

"விருந்தாளி சாப்பிடலன்னா?"

"பட்டினி கிடக்கட்டும்."

"ஃபுட்பால் மேட்ச் பார்க்கும்போது?"

அப்பா இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கில் வைத்து யோசித்தார். மெர்சிடிஸை விட்டு இறங்கி வந்த ஹாஜ் மித்வல்லி அம்மா பக்கக் கண்ணாடியைத் தட்டினார். முகத்தில் அவ்வளவு அனுதாபம்.

"என்ன, வண்டி மக்கர் பண்ணுதா? பொண்ணை நம்ம வண்டிக்கு மாத்திடலாமா?"

அம்மா கண்ணாடியை இறக்கினாள். "வண்டி நல்லாத்தான் இருக்கு, ஹாஜ். டிரைவர்லதான் சின்ன ரிப்பேர்."

"மேட்ச் பார்க்கும்போதும் மாட்டேன்," என்றார் அப்பா அவசரமாக.

சாவி வெளியே வந்தது. அப்பா திருகினார். என்ஜின் முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது, முள் ஏறியது. அம்மா அதைப் பார்க்கவில்லை. பக்கக் கண்ணாடியில் உதட்டுச் சாயத்தைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.